எஞ்சின் நின்றாலும் வெப்பம் நிற்பதில்லை

சித்திரை, வைகாசி வெயிலில் திருநெல்வேலியில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானது. வண்ணார்பேட்டை நெரிசலில் ஊர்ந்து, ஈரடுக்கு மேம்பாலத்தைத் தாண்டி, ஒருவழியாக வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியையும் எடுத்தாயிற்று. எஞ்சின் அடங்கிவிட்டது. ஆனால் பானட்டுக்கு அடியில் ஒரு விசிறி மட்டும் விர்ரென்று சுழன்றுகொண்டே இருக்கிறது. புதிதாகக் கார் வாங்கியவர் மறுநாளே ஒர்க்‌ஷாப்பில் போய் நிற்பார். "அண்ணாச்சி, சாவிய எடுத்த பொறவும் ஃபேன் ஓடுதே, பேட்டரி போயிராதா?" என்று கேட்பார்.

பெரும்பாலான கார்களில் இது கோளாறே இல்லை. எஞ்சின் நின்றபின் சில நிமிடங்கள் ரேடியேட்டர் விசிறி ஓட வேண்டும் என்று திட்டமிட்டே பல வண்டிகளை வடிவமைத்திருக்கிறார்கள். ஏன் அப்படி ஓட வேண்டும் என்று புரிந்துகொண்டால் காரைப் பராமரிப்பதும் எளிதாகும். தாமிரபரணிக் கரையிலிருந்து தெற்கே கூடங்குளம் கடற்கரை வரை, வெப்பத்தை ஆளும் எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான ஓர் அடிப்படை விதியும் பிடிபடும்.

பெட்ரோலில் பெரும்பங்கு சூடாகவே போகிறது

ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அதில் ஏறத்தாழ பாதி புகைக்குழாய் வழியாக வெளியேறிவிடும். மறுபாதி எஞ்சினின் உலோகச் சுவர்களில் ஏறுகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை ஒரு கணம் 2,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். எஞ்சின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட் இன்று பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். வெப்பத்தை விடாமல் வாங்கி வெளியே கொண்டுபோக ஓர் ஏற்பாடு இல்லையென்றால் எந்த எஞ்சினும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது.

அந்த வேலையைச் செய்வது கூலண்ட் என்ற திரவம். எஞ்சினின் உட்சுவர்களுக்கு இடையே உள்ள வழிகளில் அது ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழல்களில் இறங்கும்போது காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, கீழ் ஹோஸ் வழியாக மீண்டும் எஞ்சினுக்குள் போகிறது. இந்தச் சுற்றோட்டத்தை நடத்துவது வாட்டர் பம்ப். பெரும்பாலான கார்களில் பம்பைச் சுழற்றுவது எஞ்சினோடு இணைந்த பெல்ட்தான். எஞ்சின் ஓடும்வரை பம்பும் ஓடும். எஞ்சின் நின்ற கணமே பம்பும் நின்றுவிடும்.

சாவியைத் திருப்பியபின் நடப்பதற்கெல்லாம் இதுதான் காரணம்.

நிறுத்தியபின் சூடு ஏன் ஏறுகிறது

ஓடும் எஞ்சினில் எல்லாப் பாகங்களும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. கூலண்ட் 90 முதல் 100 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வும் அதை அடுத்த மேனிஃபோல்டும் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அந்தச் சூடு பக்கத்தில் இருக்கும் உலோகத்துக்கும் அங்கிருந்து கூலண்டுக்கும் இடைவிடாமல் பாய்கிறது. கூலண்ட் வேகமாக ஓடிக்கொண்டிருப்பதால் வந்த சூடு வந்தபடியே கழிந்துவிடும். வரவும் செலவும் சமமாக இருப்பதால்தான் டாஷ்போர்டில் வெப்பநிலை முள் நடுவில் அசையாமல் நிற்கிறது.

எஞ்சினை நிறுத்தியதும் புதிய வெப்பம் பிறப்பது நின்றுவிடுகிறது. அதே கணத்தில் வெப்பத்தை வெளியேற்றும் ஓட்டமும் நின்றுவிடுகிறது. ஆனால் உலோகத்தில் ஏற்கெனவே ஏறியிருக்கும் சூடு எங்கும் போய்விடவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு வெந்துவிடுவதுபோல, மேனிஃபோல்டிலும் வால்வுகளிலும் தேங்கிய வெப்பம் அசையாமல் நிற்கும் கூலண்டுக்குள் இறங்குகிறது. அதனால்தான் நிறுத்திய சில நிமிடங்களுக்குக் கூலண்டின் வெப்பநிலை குறையாமல், மாறாக ஏறுகிறது. மலையேறி வந்த வண்டியில் இந்த ஏற்றம் பத்து டிகிரிகூட இருக்கலாம்.

தேங்கிய வெப்பம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். இரும்பும் அலுமினியமும் கலந்த 100 கிலோ எஞ்சின், அதில் 5 லிட்டர் கூலண்ட் என்று வைத்துக்கொள்வோம். இது 95 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஆறுவதற்குள் ஏறக்குறைய 50 லட்சம் ஜூல் வெப்பத்தை வெளியே விட வேண்டும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் 15 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. வீட்டு வாசலில் சத்தமில்லாமல் நிற்கும் காருக்குள் இவ்வளவும் தேங்கிக் கிடக்கிறது.

இந்தத் தேக்கம் இரண்டு வகையில் ஆபத்தானது. முதலாவது, எக்ஸாஸ்ட் துளைகளை ஒட்டிய இடங்களில் கூலண்ட் கொதித்து ஆவிக் குமிழிகள் உருவாகும். குமிழி இருக்கும் இடத்தில் உலோகத்தைத் தொடுவது திரவம் அல்ல, நீராவி. நீராவியால் சூட்டை அவ்வளவாக வாங்க முடியாது. ஆகவே அந்த இடம் இன்னும் சூடாகும். இரண்டாவது, ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் சூடானால் சிலிண்டர் ஹெட் நெளியும். மெக்கானிக் "ஹெட் கேஸ்கட் போயிருச்சு" என்று சொல்லும் செலவு பிடித்த கோளாறு பல வண்டிகளில் இப்படித்தான் தொடங்குகிறது.

பெல்ட் விசிறியிலிருந்து மின்விசிறிக்கு

அம்பாசடர் காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அதில் எஞ்சின் நீளவாக்கில் இருந்தது. விசிறி எஞ்சினின் முன்முனையிலேயே பெல்ட்டால் சுழன்றது. எஞ்சின் நின்றால் விசிறியும் நிற்கும். அதனால்தான் அந்தக் கால ஓட்டுநர்கள் மலையேறி முடித்ததும் வண்டியை உடனே அணைக்காமல், சற்று நேரம் சும்மா ஓடவிட்டு அணைப்பார்கள். சூடான வண்டி மீண்டும் கிளம்ப மறுத்தால் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி போடுவார்கள். நின்ற எஞ்சினின் தேங்கிய சூடு பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறி, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். ஈரத்துணி அந்த ஆவியைக் குளிரவைத்து மீண்டும் திரவமாக்கியது. பாடப்புத்தகம் படிக்காமலேயே அவர்கள் வெப்பத்தேக்கத்தை அனுபவத்தில் கற்றிருந்தார்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதில் எஞ்சின் குறுக்குவாட்டில் பொருத்தப்பட்டிருந்தது. எஞ்சினின் முனை பக்கவாட்டைப் பார்த்ததால், முன்னே இருக்கும் ரேடியேட்டரின் விசிறியைப் பெல்ட்டால் சுழற்றுவது எளிதாக இல்லை. மின்மோட்டார் விசிறி தேவைப்பட்டது. எஞ்சினின் கட்டுப்பாட்டிலிருந்து விசிறி விடுபட்டது அப்போதுதான். பேட்டரியில் மின்சாரம் இருக்கும்வரை எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் அதைச் சுழற்ற முடியும்.

எப்போது சுழல வேண்டும் என்பதைப் பழைய மின்விசிறிகளில் ரேடியேட்டரில் பதித்த ஒரு வெப்பச் சுவிட்ச் முடிவு செய்தது. குறிப்பிட்ட சூட்டில் அது மூடி மின்சாரத்தை விடும், ஆறியதும் திறந்துகொள்ளும். இன்றைய கார்களில் கூலண்டில் ஒரு சென்சார் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். எஞ்சினின் கணினி அந்த மாற்றத்தைப் படித்து ரிலே என்ற மின்சுவிட்ச் மூலம் விசிறியை இயக்குகிறது. சாவியை எடுத்த பிறகும் இந்தக் கணினி சிறிது நேரம் விழித்திருக்கும். எல்லாக் கார்களிலும் இந்த வசதி உண்டு என்று சொல்ல முடியாது. சில வண்டிகளில் சாவியோடு விசிறியும் நின்றுவிடும். உங்கள் வண்டி எந்த வகை என்பது அதன் கையேட்டில் இருக்கும்.

பேட்டரி பற்றிய பயத்துக்கும் கணக்கே பதில் சொல்லும். விசிறி 20 ஆம்பியர் மின்சாரம் எடுத்து 10 நிமிடம் ஓடினால் செலவாவது 3.3 ஆம்பியர்-மணி. சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டது. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான செலவு இது. நல்ல பேட்டரி இதைத் தாங்கும். பழுதான பேட்டரி தாங்காது. இந்த வரம்பைக் கணக்கில் வைத்துத்தான் கணினி சில நிமிடங்களில் விசிறியை நிறுத்துகிறது.

பம்ப் நின்றபின் விசிறியால் என்ன பயன்

கவனமாகப் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். பம்ப் நின்றுவிட்டதால் கூலண்ட் ஓடாது. ஓடாத கூலண்ட் எஞ்சினுக்குள் இருக்க, முன்னால் ரேடியேட்டரை மட்டும் குளிர்வித்து என்ன பயன்?

பயன் உண்டு. சூடான நீர் இலேசாகி மேலே ஏறும், குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். எஞ்சின் தலையில் சூடான கூலண்ட் மேல் ஹோஸ் வழியாக மெல்ல ரேடியேட்டரின் உச்சிக்கு வரும். விசிறிக் காற்றில் குளிர்ந்து இறங்கி, கீழ் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்பும். பம்பே இல்லாமல் வெப்பம் தானே உண்டாக்கும் சுற்றோட்டம் இது. 1908-ல் வெளிவந்த ஃபோர்டு மாடல்-டி கார், தொடக்க வண்டிகள் சில ஆயிரத்துக்குப் பின் தண்ணீர்ப் பம்பையே கைவிட்டு, இந்த இயற்கைச் சுற்றோட்டத்தை மட்டும் நம்பி ஓடியது. இன்றைய கார்களில் இந்த ஓட்டம் பலவீனமானதுதான். ஆனாலும் ரேடியேட்டர் குளிர்ந்திருந்தால்தான் அது நடக்கும். விசிறி அதற்கு உதவுகிறது.

இன்னொரு பயன், பானட்டுக்கு அடியில் அடைபட்ட கொதிக்கும் காற்றை விசிறி தள்ளி வெளியேற்றுகிறது. அங்கே ரப்பர் ஹோஸ்கள், பிளாஸ்டிக் தொட்டிகள், வயர்கள், மின்னணுப் பெட்டிகள் எல்லாம் இருக்கின்றன. நாள்தோறும் பலமுறை அதிகச் சூடு பட்டால் ரப்பர் இறுகி வெடிக்கும், பிளாஸ்டிக் நொறுங்கும்.

டர்போ பொருத்திய வண்டிகளில் தேவை இன்னும் கூடுதல். எரிந்த வாயுவால் சுழலும் டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. சுமையோடு ஓடிய வண்டியைச் சட்டென்று அணைத்தால், அச்சைத் தாங்கும் பேரிங்கில் நிற்கும் எஞ்சின் ஆயில் கருகிக் கரியாகப் படியும். அதைத் தடுக்கச் சில வண்டிகளில் எஞ்சின் நின்றபின்னும் கூலண்டை ஓட்டும் சிறு மின்பம்ப் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின், டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி பரவலானது. தேங்கிய கரியை அது அவ்வப்போது 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அந்த வேலை நடக்கும்போது வண்டியை அணைத்தால் விசிறி வழக்கத்தைவிட வேகமாகவும் நீண்ட நேரமும் ஓடும்.

மின்சாரக் கார்களும் இதற்கு விலக்கல்ல. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார் ஆலை தொடங்கியது. இனி இந்த வட்டாரச் சாலைகளில் மின்கார்கள் பெருகும். வேகமாக சார்ஜ் ஏற்றும்போது பேட்டரி சூடாகும். அதை ஆற்றக் கார் நின்றுகொண்டிருக்கும்போதே பம்பும் விசிறியும் ஓடும்.

வெயில், மலை, உப்புத்தண்ணீர்

ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை விடும் என்பது கூலண்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலண்ட் 95 டிகிரியிலும் காற்று 30 டிகிரியிலும் இருந்தால் வித்தியாசம் 65. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் பாளையங்கோட்டையில் கோடைப் பகல் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அன்று வித்தியாசம் 55 ஆகச் சுருங்கும். அதே ரேடியேட்டரின் திறன் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்துவிட்டது. விசிறி அடிக்கடி சுழல்வதும், நிறுத்தியபின் நெடுநேரம் சுழல்வதும் அதனால்தான். தென்மேற்குப் பருவம் தொடங்கிப் பொதிகைக் காற்று வீசும் ஆனி, ஆடியில் அதே வண்டி அமைதியாக அடங்கும்.

அடுத்தது மலை. பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு ஏறும் பாதையிலும், மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதையிலும் வண்டி முதல், இரண்டாம் கியரில்தான் முனகி ஏறும். எஞ்சின் கடுமையாக உழைக்கிறது. வேகமோ குறைவு, ஆகவே எதிர்க்காற்று ரேடியேட்டருக்குக் கிடைப்பதில்லை. உச்சிக்குப் போனதும் இறங்கும் ஆசையில் உடனே அணைத்துவிடுகிறோம். வெப்பத்தேக்கம் உச்சத்தில் இருக்கும் நேரம் அதுதான். ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைத்தால், பம்ப் கூலண்டைச் சுற்றவிட்டு உலோகத்தின் சூட்டைப் படிப்படியாக இறக்கிவிடும்.

மூன்றாவது தண்ணீர். கூலண்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. திசையன்விளை, ராதாபுரம் பக்கம் நிலத்தடி நீரின் உப்பு நாவிலேயே தெரியும். அந்த உப்பு ரேடியேட்டர் குழல்களுக்குள் சுண்ணாம்புப் படிவமாக ஒட்டும். படிவம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. தாமிரபரணித் தண்ணீர் குடிக்க இனிமையானது, ஆனால் அதுவும் எஞ்சினுக்கு ஏற்றதல்ல. காய்ச்சி வடித்த நீரும் எத்திலீன் கிளைக்காலும் சம அளவில் கலந்த கூலண்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. இந்தக் கலவையோ 130 டிகிரியை நெருங்கும்வரை தாங்கும்.

கூடங்குளம் சொல்லும் பாடம்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடிக் கடற்கரையில், ராதாபுரம் வட்டத்தில், இதே கேள்வி மிகப் பெரிய அளவில் எழுகிறது. கூடங்குளத்தின் முதல் அணுஉலை 2013 ஜூலையிலும் இரண்டாவது 2016 ஜூலையிலும் இயங்கத் தொடங்கின. ஒவ்வோர் உலையும் 1,000 மெகாவாட் மின்சாரம் தர, ஏறத்தாழ 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது.

காரில் எஞ்சினை அணைத்தால் புதிய வெப்பம் பிறப்பதில்லை, தேங்கியது மட்டுமே மிச்சம். அணுஉலையில் நிலைமை வேறு. கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கியதும் யுரேனியம் பிளப்பது நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே பிளந்து உண்டான கதிரியக்கத் தனிமங்கள் சிதைந்துகொண்டே இருக்கும். அந்தச் சிதைவு தொடர்ந்து புதிய வெப்பத்தைத் தரும். நிறுத்திய கணத்தில் அது முழுத்திறனில் 6 முதல் 7 சதவீதம், அதாவது ஏறத்தாழ 200 மெகாவாட். ஒரு மணி நேரம் கழித்து 40 மெகாவாட்டை ஒட்டி இருக்கும். பாபநாசம் நீர்மின் நிலையத்தின் முழு உற்பத்தித் திறனே 32 மெகாவாட்தான். ஒரு நாள் கழித்தும் சிதைவு வெப்பம் பத்து மெகாவாட்டுக்கு மேல் மிஞ்சும்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிலம் அதிர்ந்ததும் உலைகள் உடனே நின்றன. நிறுத்தும் வேலையில் பிழையில்லை. பின்னால் வந்த ஆழிப்பேரலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்கும் பம்புகள் நின்றன. நின்றுவிட்ட மூன்று உலைகளின் மையங்கள் சிதைவு வெப்பத்தாலேயே உருகின. அதே ஆண்டு கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை மக்கள் எழுப்பிய அச்சத்தின் நடுவிலும் இந்தக் கேள்விதான் இருந்தது: மின்சாரமே இல்லாமல் போனால் உலையை எது ஆற்றும்?

கூடங்குளம் உலைகளின் வடிவமைப்பில் இதற்கென ஓர் ஏற்பாடு உண்டு. நீராவிக் கலங்களிலிருந்து எழும் நீராவி, உலைக் கட்டடத்தின் வெளிப்புறம் அமைந்த வெப்பமாற்றிகளுக்கு ஏறும். அங்கே வெளிக்காற்றால் குளிர்ந்து நீராகி, தன் எடையாலேயே கலத்துக்குத் திரும்பும். பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். நின்ற காரின் ரேடியேட்டரில் மெல்ல நடக்கும் அதே இயற்கைச் சுற்றோட்டம்தான் இங்கே மிகப் பெரிய அளவில் காவல் நிற்கிறது. வெப்பத்தை உண்டாக்கும் எந்த இயந்திரமும் நிறுத்தியபின் ஆறுவதற்குத் தனி வழி வைத்திருக்க வேண்டும். இது காருக்கும் பொருந்தும், உலைக்கும் பொருந்தும்.

எப்போது கவலைப்பட வேண்டும்

நீண்ட ஓட்டத்துக்குப் பின்னும், வெயிலிலும், மலையேறிய பின்னும் சில நிமிடங்கள் விசிறி ஓடி நின்றால் கவலை வேண்டாம். காலையில் பக்கத்துக் கடைக்குப் போய்வந்த குளிர்ந்த எஞ்சினிலும் ஓடினாலோ, கால் மணி நேரம் கடந்தும் நிற்காவிட்டாலோ மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சென்சார் பழுதாகியிருக்கலாம். சென்சாரின் தகவல் கிடைக்காதபோது பாதுகாப்புக்காகக் கணினி விசிறியை ஓடவிடும். கூலண்ட் குறைவும், கூலண்டின் வழியைத் திறந்துவிடாத தெர்மோஸ்டாட் வால்வும், தூசி அடைத்த ரேடியேட்டரும் விசிறியை அதிகம் ஓடவைக்கும். இதற்கு நேர்மாறாக, முள் சிவப்பை நெருங்கியும் விசிறி சுழலவே இல்லையென்றால் வண்டியை ஓரங்கட்டுங்கள். அதுதான் உடனடி ஆபத்து.

மூன்று விஷயங்களை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். எஞ்சின் நின்றிருந்தாலும் விசிறி எந்தக் கணமும் சுழலத் தொடங்கலாம், சூடு ஆறாத வண்டியில் அதன் அருகே கையைக் கொண்டுபோகக் கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விலகிய நொடியில் உள்ளே இருக்கும் கூலண்ட் கொதித்து முகத்தில் பீறிடும். கொதிக்கும் எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது, உலோகம் விரிசல் விடும். அரை மணி நேரமாவது பொறுத்து, மேல் ஹோஸ் கைக்குச் சுடாத பிறகே பானட்டுக்குள் வேலை செய்யுங்கள்.